கல்லை மட்டும் எடுக்க முடியாதா என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

"கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பித்தப்பையை விட்டுவைக்கக் கூடாதா அப்பா?" என்று நேற்றிரவு கேட்டாய். போனில் ஏதோ உளறிவிட்டேன். எனக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டும் என்றபோது நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன். எழுதினால்தான் எனக்குப் பதில் ஒழுங்காக வரும்.

கல்லை எடுத்தாலும் கல்லை உண்டாக்கும் பை உள்ளேயே இருக்குமே அம்மா. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்துக் கெட்டியாக்குவது அதன் வேலை. அந்த நீரில் கொழுப்பு மிகுந்தாலோ, பை சரிவரச் சுருங்காவிட்டாலோ படிந்து கல்லாகிறது. 1882இல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றிய கார்ல் லாங்கன்புக்கின் வாதமும் இதுதான். மாத்திரையில் கரைக்கலாம் என்று நீ அனுப்பிய செய்தி முழுப் பொய்யும் இல்லை. சிறிய கொலஸ்ட்ரால் கற்கள் சில கரையும். ஆனால் மாதக்கணக்கில் விழுங்க வேண்டும், நிறுத்தினால் பலருக்கு மறுபடி வரும்.

கத்தி என்றாலே உனக்குத் தாத்தாவின் தழும்பு நினைவுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கு அல்சர். அமிலமும் கவலையும்தான் காரணம் என்று சொல்லி இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டியெடுத்தார்கள். அதன் பிறகு சாப்பிட்டு எழுந்தாலே அவருக்கு வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அல்சருக்குப் பின்னால் இருந்த கிருமியை 1982இல்தான் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். இன்றைக்கு அந்த நோய் வந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு வார மாத்திரையோடு போயிருக்கும். ஓட்டை விழுந்தாலோ ரத்தக்கசிவு வேறு வழியில் நிற்காவிட்டாலோதான் இப்போது கத்தியை எடுக்கிறார்கள். நினைத்தால் என் வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தை உன் பித்தப்பை விஷயத்தில் காட்டாதே. அவருடைய நோய்க்கு மாத்திரை வந்துவிட்டது, உன்னுடையதற்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.

வலியே இல்லாமல், வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்திருந்தால் பெரும்பாலும் விட்டுவிடச் சொல்வார்கள். உனக்கோ மூன்று முறை வலி வந்துவிட்டது. கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை. இன்னும் கீழே போய்க் கணையக்குழாயின் வாயில் சிக்கினால் கணைய அழற்சி. அப்போது உன் அலுவலக விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிக்க முடியாது. ஆபரேஷன் ஆகும்வரை குளிர்காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

லேப்ராஸ்கோப்பியில் மூன்று நான்கு சிறு துளைகள்தான். வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஊதி இடம் உண்டாக்கி, கேமராவில் பார்த்துக்கொண்டே பையைப் பிரித்தெடுப்பார்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. மறுநாள் வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் வலித்தது! மாரடைப்போ என்று உன் அம்மா நர்ஸைத் தேடி ஓடினாள். மிஞ்சிய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் மூளை அதைத் தோள் வலியாக எடுத்துக்கொள்கிறதாம். எழுந்து நடக்க நடக்க இரண்டு நாளில் போய்விட்டது.

டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேள். பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயில் கல் இருக்கிறதா? அந்தக் குழாய் தவறி வெட்டுப்படாமலிருக்க என்ன செய்வீர்கள்? அப்படி நேர்வது அரிது, நேர்ந்தால் பெரிய தொல்லை. தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்வோம் என்ற வரி ஒப்புதல் படிவத்தில் இருக்கும். அதைப் பார்த்து மிரளாதே. உள்ளே தெளிவாகத் தெரியாதபோது பிடிவாதம் பிடிக்காமல் வழியை மாற்றிக்கொள்ளும் டாக்டரைத்தான் நான் நம்புவேன்.

பை போய்விட்டால் செரிக்குமா என்று அடுத்து கேட்பாய். கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. பை பிடிப்பதோ 30 முதல் 50 மில்லி லிட்டர். இனி பித்தநீர் நேராகக் குடலுக்குச் சொட்டும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும். எனக்கும் இளகியது. இப்போது நான் எதைச் சாப்பிடாமல் விடுகிறேன் என்று உன் அம்மாவையே கேட்டுப் பார்.

தேதி முடிவானதும் சொல். அம்மாதான் கூட இருப்பாள் என்று நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டதாகக் காதில் விழுந்தது. நானும் வருகிறேன். தோள் வலிக்கிறது என்று நீ படுத்துக்கொண்டால் வராந்தாவில் நடக்க வைக்க ஓர் ஆள் வேண்டுமே.

அன்புடன்,
அப்பா