வரைபடச் செயலி எழுதுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை, ஈரோட்டுப் பக்கம் வாய்க்கால், கிணறு, நில எல்லை எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்டும் செயலிகளை எழுதும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள், ரொம்ப மகிழ்ச்சி, ஆனால் அதில் பல செயலிகள் செல்போனில் திறந்தாலே திணறுகின்றன. மாவட்டம் முழுவதின் தரவையும் ஒரே மூச்சில் அனுப்பினால் வேறு என்ன ஆகும்? திரையில் தெரியும் பகுதியை மட்டும் டைல்களாக, அதாவது சிறு சதுரத் துண்டுகளாக அனுப்புங்கள்.

இடத் தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறவர்கள், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அருகிலுள்ள கிணறுகளைத் தேட ஒவ்வொன்றின் தூரத்தையும் கணக்கிடும் எஸ்டி டிஸ்டன்ஸ் (ST_Distance) போட்டு ஒப்பிட்டால் அந்த இன்டெக்ஸ் வேலைக்கே வராது, இத்தனை தூரத்துக்குள் இருக்கிறதா என்று கேட்கும் எஸ்டி டிவித்தின் (ST_DWithin) என்றுதான் எழுத வேண்டும்.

அப்புறம், என் பெரிய கவலை அளவு பற்றியது. அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியை அப்படியே வைத்துப் பரப்பளவு கணக்கிட்டால் வருவது ஏக்கரும் இல்லை, ஹெக்டேரும் இல்லை. சரி, மீட்டருக்கு மாற்ற, பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் யுடிஎம் முறையை எடுக்கலாம் என்றால், இரு மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி கிழக்குக் கோடு நம் கொங்கு நாட்டின் ஊடே போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் 43ஆம் மண்டலம், கரூரும் நாமக்கல்லும் 44. அமராவதி ஆறு இரண்டிலும் ஓடுகிறது! இதைக் கவனிக்காமல் இரண்டு தரவையும் ஒட்டினால் கரூர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய் விழும்.

கல்லூரிகளில் ப்ராஜெக்ட் பார்க்கும் ஆசிரியர்கள், திரையின் அழகைப் பார்ப்பதற்கு முன், எந்த ஆயத்தொலைவு முறையில் (டிகிரியிலா, எந்த யுடிஎம் மண்டலத்திலா) அளந்தாய் என்று மாணவரிடம் கேட்க வேண்டும்.

– ஒரு வாசகர், பெருந்துறை