பெயரில்லாத இருவரின் காதல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, அலென் ரெனே 1959இல் இயக்கிய ‘ஹிரோஷிமா மோன் அமூர்’ படத்தைப் போர் எதிர்ப்புப் படம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அணுகுண்டைப் பற்றிய ஆவணப்படமாகத்தான் அது முதலில் திட்டமிடப்பட்டது என்றாலும், பிரெஞ்சு எழுத்தாளர் மார்கெரித் துராஸ் எழுதிய திரைக்கதை அதை வேறு திசைக்கு இட்டுச் சென்றது.

அமைதி குறித்த படமொன்றில் நடிக்க ஹிரோஷிமா வந்த பிரெஞ்சு நடிகையும் ஜப்பானியக் கட்டடக் கலைஞரும் காதல் கொள்கின்றனர். இருவரும் மணமானவர்கள், இருவரின் பெயரும் நமக்குத் தெரிவதில்லை. உறங்கும் அவனது கையை அவள் பார்க்கும் கணத்தில், போர்க்காலத்தில் பிரான்சின் நெவேர் நகரில் சுடப்பட்டு இறந்துகொண்டிருந்த அவளது ஜெர்மானியக் காதலனின் கை, எவ்வித முன்னறிவிப்புமின்றித் திரையில் தோன்றி மறைகிறது. (நினைவு வருவதை உணர்த்தப் படத்தை மங்கச் செய்யும் வழக்கமான உத்தி இங்கே இல்லை.) எதிரிப் படைவீரனைக் காதலித்ததற்காகத் தலைமயிர் மழிக்கப்பட்டு, நிலவறையில் அடைபட்டுக் கிடந்த கதையை அவள் சொல்லத் தொடங்கியதும், ஜப்பானியன் அந்த இறந்தவனாகவே மாறி, ‘நான்’ என்று தன்னைக் குறித்துக் கேள்விகள் கேட்க, அவளும் அவனையே அந்தக் காதலனாக எண்ணி விடையளிக்கிறாள். ஒருவரின் அடையாளம் மற்றொருவருக்குள் கரைகிற இக்காட்சியே, என் கருத்தில், படத்தின் உயிர்நிலை. அவளாக வரும் எமானுவேல் ரிவாவின் நடிப்பும் இங்கேதான் முழுமை பெறுகிறது.

இக்காட்சியைக் குறிப்பிடாமல் இப்படத்தை அறிமுகப்படுத்துவது முறையன்று. இது குறித்து விரிவான கட்டுரையொன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்