அழித்தது திருத்தம் ஆகாது: பிரித்தானிய நிதியமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

2018 பெப்ரவரி 9 அன்று உங்கள் ட்விட்டர் பக்கத்தில் 'வெள்ளிக்கிழமைத் தகவல்' என்று வந்த குறிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். வரி செலுத்தியதன் மூலம் அடிமை வணிகத்தை ஒழிக்க நாங்களும் உதவினோம் என்று எங்களைப் பாராட்டியிருந்தீர்கள். 1833இல் 2 கோடி பவுண் கொடுத்துப் பேரரசின் அடிமைகள் அனைவருக்கும் விடுதலை வாங்கியதாகவும், அதற்காக வாங்கிய கடன் 2015இல்தான் தீர்ந்ததாகவும் சொன்னீர்கள். கண்டனம் எழுந்ததும் குறிப்பை நீக்கிவிட்டீர்கள்.

நீக்கியது போதாது. அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பதை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். இம்மடலின் கோரிக்கை அவ்வளவுதான்.

பணம் போனது உரிமையாளர்களுக்கு. அடிமைப்பட்டிருந்த ஏறக்குறைய எட்டு லட்சம் பேருக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. இழப்பீட்டுக் கணக்கில் மனிதர்களை வகை பிரித்து விலை போட்டார்கள். 'ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள்' ஒரு வகை. 'முதியோர், நோயாளிகள், வேலைக்கு உதவாதோர்' இன்னொரு வகை. கரும்புத் தோட்டத்துத் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் இடுப்பிலிருந்த குழந்தைக்கும் விலை உண்டு. அது தோட்டக்காரருக்குப் போயிற்று. அவளோ 'பயிற்சித் தொழிலாளி' என்ற புதுப் பெயரோடு வாரம் 45 மணி நேரம்வரை கூலியின்றி அதே வயலில் உழைக்க வேண்டியிருந்தது. 1838 ஆகஸ்டில்தான் அதுவும் முடிந்தது.

தன்னிடமிருந்த 2,500க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுணுக்கு மேல் பெற்ற தோட்ட முதலாளி ஜான் கிளாட்ஸ்டன், அதே 1838இல் கல்கத்தாவிலிருந்து இந்தியக் கூலிகளைக் கயானாவின் தோட்டங்களுக்கு வரவழைத்தார். அவர்களை ஏற்றிச் சென்ற விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்களின் பெயர் கயானாவில் இன்றும் மறக்கப்படவில்லை.

'அடிமைகள் அனைவருக்கும்' என்றதும் பிழை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலனாவையும் 1833ஆம் ஆண்டின் அடிமைமுறை ஒழிப்புச் சட்டமே விலக்கி வைத்தது. இலங்கையில் அடிமைமுறை ஒழிய 1844 ஆயிற்று. நான் யாழ்ப்பாணத்தவன். எங்கள் ஊர் வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. எங்கள் ஊரின் பழியை நான் மூடி மறைக்கவில்லை. உங்கள் பங்கை நீங்களும் மறைக்காதீர்கள்.

1948க்குப் பின் ஜமேக்காவிலிருந்து வந்து இங்கே பஸ் ஓட்டியவர்களும் மருத்துவமனைகளில் இரவுக் கடமை பார்த்தவர்களும் வரி கட்டினார்கள். தங்கள் மூதாதையரை உடைமையாக வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த பணத்தின் வட்டியை அவர்களும் சேர்ந்து அடைத்தார்கள். அதை ஒரு வெள்ளிக்கிழமைச் சுவையான தகவலாக எப்படி உங்களால் எழுத முடிந்தது?

கடன் தீர்ந்த அதே 2015இல்தான் நாடாளுமன்றம் நவீன அடிமைமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. கார் கழுவும் இடங்களிலிருந்தும் நக அலங்காரக் கடைகளிலிருந்தும் மீட்கப்படுகிறவர்கள், தாங்கள் கடத்தப்பட்டவர்கள்தாம் என்று அரசு ஏற்றுக்கொள்வதற்கே நெடுங்காலம் காத்திருக்கிறார்கள். அன்று உரிமையாளர்களின் விண்ணப்பங்களைப் பார்த்துப் பணம் கொடுக்கத் தனி ஆணையமே அமைத்த அரசு இது. விற்றவனுக்காகக் காட்டிய அவசரத்தை விற்கப்பட்டவனுக்காக ஏன் காட்டவில்லை?

இது உங்கள் துறையின் வேலை அல்ல என்பீர்கள். சரி, உங்கள் துறையின் வேலையையே கேட்கிறேன். கணக்கை முழுதாக எழுதுங்கள்: எவ்வளவு, யாருக்கு, யாருக்கு ஒன்றுமில்லை, எந்த நாடுகள் விடுபட்டன. கூடவே, எங்களைப் பாராட்டிய அந்த வாசகத்துக்காக மன்னிப்பும் கேளுங்கள். பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
லண்டனில் வரி செலுத்தும் ஒரு தமிழன்