செயலாளரின் ஆண்டறிக்கை: அடி ரப்பரும் அவசரக் கயிறும்

நம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள், உடன் வந்திருக்கும் வீட்டார் எல்லோருக்கும் வணக்கம். சைகை மொழியில் சொல்பவருக்கு வசதியாக மெதுவாகத்தான் வாசிப்பேன். பின் வரிசையில் கடிகாரம் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். மாதம் ஒன்று என்று திட்டம். ஒரு மாதம் மழையால் போனது, ஒரு மாதம் லிஃப்ட் பழுதால் போனது. லிஃப்ட் கதை பின்னால் வரும். மற்ற மாதங்களில் கூடினோம். பதிவேடு மேசையில் இருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் "பாதுகாப்பு மற்றும் அணுகல் கருவிகளைக் கூடுதலாக வாங்கி உறுப்பினர்களுக்கு வழங்குவது" என்று தீர்மானம் போட்டோம். அதில் பாதியைத்தான் செய்தோம். யாராவது எழுந்து கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: காரணம் நான் விழுந்ததுதான்.

பல வருடமாக முழங்கைக் கட்டையோடு, அதாவது முன்கையில் மாட்டி ஊன்றும் கோலோடு, நடப்பவன் நான். ஒரு நாள் காலை குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தேன். தரை ஈரம் என்றார்கள் வீட்டில். ஈரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், அடி ரப்பரில் ஒரு வரிகூட மிச்சமில்லை. ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் அலுமினியக் குழாயின் விளிம்பு பிறை போலத் தெரிந்தது. மாற்று ரப்பர் இரண்டு என் மேசை இழுப்பறையிலேயே பிரிக்காத உறையில் கிடந்தன, சங்கத்துக்கு வாங்கியதில் மிஞ்சியவை! மணிக்கட்டு வீக்கம் வடிய மூன்று வாரம் ஆயிற்று. வீக்கத்தைவிட அந்த இழுப்பறைதான் என்னை அதிகம் உறுத்தியது.

அடுத்த செயற்குழுவில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் கட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. புதிதாக வாங்குவதற்கு முன், உறுப்பினர்களிடம் ஏற்கெனவே இருப்பதை ஒருமுறை சோதித்துவிடுவது என்று அன்றே முடிவானது. கருவி வாங்குவதே வீண் என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஏதாவது ஒரு உதவிக் கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் மேல்; சில ஏழை நாடுகளில் தேவைப்படுவோரில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் அது கிடைக்கிறது. அப்படியிருக்க, கிடைத்த கருவியை மொட்டை ரப்பரோடு வைத்திருப்பது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

சோதனையில் கண்டவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நம் இளைஞர் ஒருவருக்குக் கொஞ்ச நாளாக விரல்கள் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. அவர் வைத்திருந்தது அக்குள் கட்டை. அவருடைய அண்ணனுக்கு அளவெடுத்தது, தம்பிக்கு வந்துவிட்டது. கட்டையின் மேல் பட்டைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். இவர் அக்குளிலேயே தொங்கிக்கொண்டு நடந்திருக்கிறார். அந்த இடத்தில் கைக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. நாள்கணக்கில் அழுந்தினால் மணிக்கட்டே தொய்ந்துபோகும். மருத்துவரிடம் அனுப்பினோம். கட்டையின் உயரத்தைக் குறைத்துக் கைப்பிடியைச் சரிசெய்ய எங்களுக்கு ஆன நேரம் பத்து நிமிடம்.

சக்கர நாற்காலிகளில் பிரேக் பிடிக்கவில்லை என்று நான்கைந்து பேர் சொன்னார்கள். பிரேக்கை மாற்ற வேண்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். காற்றடைத்த டயர் உள்ள நாற்காலியில் பிரேக் கட்டை நேராக டயரின் மேல்தான் அழுந்துகிறது. காற்று இறங்கினால் டயர் சுருங்கும், கட்டைக்குப் பிடி கிடைக்காது. பம்பை எடுத்துக் காற்றடித்தோம், பெரும்பாலும் சரியாகிவிட்டது. பிரேக் போட்ட நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி பின்னால் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வீட்டில் மூன்று படிக்கு ஒரு பலகையைச் சாய்த்துச் சரிவுப்பாதை என்று வைத்திருந்தார்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது சரிவுக்கான கணக்கு. மூன்று படி 45 செ.மீ. என்றால் 540 செ.மீ. நீளம் வேண்டும். அவர்களுடையது ஒன்றரை மீட்டர். அது சரிவுப்பாதை இல்லை, சறுக்குமரம். இப்போது நடுவில் ஒரு சமதளம் விட்டு, திரும்பி ஏறுவதுபோல் கட்டியிருக்கிறார்கள்.

இனி அவசரக் கயிறு. நாம் கூடும் கட்டடத்தில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று ஒரு கழிவறை இருக்கிறது, அதில் சிவப்புக் கயிறும் இருக்கிறது. விழுந்தவர் இழுத்தால் வெளியே மணி அடிக்கும். விழுந்தவர் எங்கே இருப்பார்? தரையில். அதனால்தான் கயிற்றின் முனை தரைக்கு ஒரு சாண்கூட இல்லாத உயரம் வரை தொங்க வேண்டும் என்கிறார்கள், 10 செ.மீ. என்பது பல இடங்களில் உள்ள அளவு. நம்முடையதை யாரோ சுருட்டி, முடிச்சுப் போட்டு, கைப்பிடிக் கம்பிக்கும் மேலே அழகாகக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டோம். அடுத்த மாதம் போனால் மறுபடியும் முடிச்சு. காகிதத்தில் "கட்டாதீர்கள்" என்று எழுதி ஒட்டினோம். மறுபடியும் முடிச்சு, இந்த முறை இரட்டை முடிச்சு. எனக்குக் கோபம்தான். நம் மகளிர் பிரிவுப் பொறுப்பாளர்தான் நிதானமாகப் போய், துப்புரவு செய்யும் அம்மாவிடம் பேசினார். தரை துடைக்கும்போது மாப்பில் கயிறு சிக்கி இழுபட்டு மணி அடித்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் காவலாளியிடம் திட்டு வாங்குவது அந்த அம்மாதான். அந்தக் கயிறு எதற்கு என்று அவரிடம் அதுவரை ஒருவரும் சொன்னதே இல்லை. இப்போது துடைக்கும் நேரத்துக்கு மட்டும் கயிற்றைக் கொக்கியில் மாட்டுகிறார், முடித்ததும் எடுத்துவிடுகிறார். காவலாளிக்கும் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு முடிச்சு இல்லை.

புகை எச்சரிக்கை மணிச் சோதனை ஒரு மதிய நேரத்தில் நடந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் இரவில் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார். அவரை அப்படியே படுக்கச் சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளச் சொல்லி, வழக்கமான மணியை அடித்தோம். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். அவர் அசையவில்லை. "ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். அந்தக் கீச்சு ஒலி ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ். வயதாகும்போது காது முதலில் கைவிடுவது அந்த மேல் சுருதியைத்தான். 520 ஹெர்ட்ஸ் அளவில் அடித்தொண்டையில் ஒலிக்கும் மணியை வைத்தபோது சட்டென்று திரும்பினார். அறவே கேளாதவர்களுக்குத் தலையணைக்கு அடியில் அதிரும் வட்டும் மின்னும் விளக்கும்தான் வழி. விளக்கில் ஒரு கவனம் வேண்டும்: வலிப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் வேகமாக மின்னும் விளக்கு ஆபத்து. ஒரே அறையில் இரண்டு விளக்குகள் மாறி மாறி மின்னினால் வேகம் இரட்டிப்பானது போலாகிவிடும். இந்த வகையில் புதிதாக வாங்கியது வீண் போகவில்லை.

கழுத்தில் மாட்டும் அபாய பட்டன் வாங்கியவர்களில் பாதிப்பேர் அதை ஆணியில் மாட்டியிருந்தார்கள். குளிக்கப் போகும்போது கழற்றுவதாகச் சொன்னார்கள். தண்ணீர் படலாமா என்று பெட்டியில் பார்த்து, படலாம் என்றால் அதோடே குளியுங்கள். கயிறு எங்காவது சிக்கினால் தானே விடுபடும் வகையாக இருக்கட்டும். போனில் பவர் பட்டனைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தி உதவி கேட்கும் வசதியையும் பலருக்கு அமைத்துக் கொடுத்தோம். அதன் பலனாக, ஓர் உறுப்பினரின் கைப்பை இரண்டு முறை தானாகவே அவருடைய மருமகனை அழைத்திருக்கிறது.

இந்த ஆண்டின் சூடான கூட்டம் போனில் இருப்பிடம் காட்டுவது பற்றியது. மகள் எங்கே இருக்கிறாள் என்று வீட்டார் எந்நேரமும் பார்க்கலாமா? பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்றார் ஒரு தாய். அவருடைய மகள், பார்வையில்லாமல் வெண்கோலோடு தனியாக வேலைக்குப் போய் வருபவர், "உங்க தூக்கத்துக்காக நான் புள்ளியா நகரணுமா?" என்று கேட்டார். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். கடைசியில், காட்டுவதும் அணைப்பதும் உறுப்பினரின் கையிலேயே இருக்க வேண்டும், சங்கம் அமைத்துக் கொடுக்கும் எந்தப் போனிலும் அவருக்குத் தெரியாமல் எதுவும் இருக்கக் கூடாது என்று தீர்மானித்தோம். இது பாதுகாப்புக்குக் குறைவு என்று எதிர்த்து வாக்களித்தவர்களும் உண்டு. அதையும் பதிவு செய்கிறேன்.

பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்க நடைபாதையில் பதிக்கும் புடைப்புக் கற்கள் பற்றி உரிய அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். இந்தக் கல் ஜப்பானில் மியாகே செய்இச்சி என்பவர் உருவாக்கியது. 1967இல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் நில், கவனி. நம் வட்டாரத்தில், நிற்க வேண்டிய சாலை முனையில் கோடு இருக்கிறது, போக வேண்டிய வழி நேராக விளக்குக் கம்பத்தில் போய் முட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.

லிஃப்ட் கதைக்கு வருகிறேன். தீ விபத்து என்றால் லிஃப்டில் ஏறக் கூடாது. அப்படியானால் மாடியில் கூடும் நாம் எப்படி இறங்குவோம் என்று ஒத்திகை பார்த்தோம். பேரிடர் குறித்து ஐ.நா. 2013இல் எடுத்த கணக்கெடுப்பில், திடீர்ப் பேரிடரில் சிரமமின்றி உடனே வெளியேற முடியும் என்று சொன்ன மாற்றுத்திறனாளிகள் 20 சதவீதம்தான். நம் ஒத்திகை அதைவிட மோசம். மோட்டார் நாற்காலி ஒன்றை ஆளோடு தூக்குவது நடக்காது என்று முதல் படியிலேயே தெரிந்துவிட்டது. கழிவறையில் இருந்த காது கேளாத உறுப்பினரை எல்லோரும் மறந்தே போனோம். அவர் கைகழுவிவிட்டு வந்து, காலி அறையைப் பார்த்துத் திகைத்து நின்றார். யார் யாரைக் கவனிப்பது என்று இப்போது பட்டியல் இருக்கிறது. அப்புறம் லிஃப்ட் உண்மையாகவே பழுதானது. அந்த மாதக் கூட்டம் ரத்தானபோதுதான், கீழ்த்தளத்தில் ஓர் அறை இத்தனை வருடமாகக் காலியாக இருப்பது எங்கள் கண்ணில் பட்டது. இன்று நாம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தணிக்கை முடிந்துவிட்டது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு கேட்பது ஒன்றுதான்: கருவிச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இந்த அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசல் மேசையில் எல்லா அளவிலும் அடி ரப்பர் வைத்திருக்கிறோம், போகும்போது உங்கள் கட்டைக்குப் பொருத்திப் பாருங்கள். சங்கத்தின் காற்றடிக்கும் பம்பைக் கொண்டுபோனவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து திருப்பித் தரவும்; கட்டை போதாதபோது நான் உட்காரும் சக்கர நாற்காலியிலேயே காற்று இல்லை.

செயலாளர்