நூலகத்துக் கொம்பியூட்டரை மூடின சீலையைக் கழட்டுங்கோ

வன்னியில இருக்கிற பிரதேச சபையளின்ர தவிசாளர்மாருக்கும் உறுப்பினர்மாருக்கும் செயலாளர்மாருக்கும் வணக்கம்.

நான் ஏ9 றோட்டுக்குக் கிட்ட ஒரு சின்னக் கொமினிகேசன் வைச்சிருக்கிறன். போட்டோக்கொப்பி, பிறின்ற், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புறது, றீலோட், சோதினை றிசல்ட் பாத்துக் குடுக்கிறது, இதுதான் தொழில். கடைக்கும் பிரதேச சபை நூலகத்துக்கும் நடுவில ஒரு வேலியும் ஒரு வேப்பமரமும்தான். எந்த ஊர் எண்டு நான் எழுதேல்லை, அங்க வேலை செய்யிற ஆக்களுக்கு என்னால ஒரு கரைச்சல் வரக்கூடாது, அதோட மற்ற ஊர்க் கடைக்காரப் பெடியளோட கதைக்கேக்க எல்லா இடமும் கிட்டத்தட்ட இதே கதைதான் எண்டு விளங்குது. இன்னொண்டும் முதலே சொல்லிப்போடுறன், நான் கேக்கப்போறதை நீங்கள் செய்தா என்ர கடைக்கு வாற காசு குறையும். அது தெரிஞ்சுதான் எழுதுறன்.

கொஞ்ச நாளைக்கு முதல் தரம் 10 படிக்கிற ஒரு பெடியன் வந்தான். அவன்ர விஞ்ஞானப் புத்தகம் வெள்ளத்தில ஊறிப்போச்சாம், ஒரு பாடம் மட்டும் வேணும். முதல் நூலகத்துக்குத்தான் போயிருக்கிறான். அங்க இருக்கிற அக்கா "எங்களிட்ட இல்லைத் தம்பி, பக்கத்துக் கடையில நெற்றில எடுத்துத் தருவினம்" எண்டு அனுப்பிவிட்டா. நான் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர தளத்தில அந்தப் புத்தகத்தை இறக்கி 14 பக்கம் பிறின்ற் எடுத்துக் குடுத்தன். பக்கம் 20 ரூபா, 280 வந்தது. அவன் சில்லறையா எண்ணி வைச்சது 200. மிச்சத்தை நான் விட்டிட்டன், ஆனா அந்த 200 ரூபாயும் எனக்கு நெஞ்சுக்குள்ள குத்தினபடிதான் இருக்கு. ஏனெண்டா அது அரசாங்கம் எல்லாப் பிள்ளையளுக்கும் சும்மா போட்டு வைச்சிருக்கிற புத்தகம், அதைப் பாக்கிறதுக்கு ஒரு கொம்பியூட்டர் வேலிக்கு அங்கால நூலகத்தில கிடக்கு, பூப்போட்ட சீலையால மூடின படி.

அந்த அக்காட்ட ஒருநாள் கேட்டனான், ஏன் அக்கா அதைத் திறக்கிறேல்லை எண்டு. அவ சொன்னது இதுதான்: "தம்பி, அது என்ர கையெழுத்தில எடுத்த சாமான். ஏதும் பழுதானா ஓடிற் எண்டு கணக்குப் பாக்க வரேக்க என்னைத்தான் கேப்பினம், சம்பளத்தில வெட்டினா நான் என்ன செய்யிறது." இது பஞ்சிப்பட்டுச் சொன்ன கதை இல்லை. 2009ல வீடு வாசல் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி, மெனிக்பாம் அகதி முகாமில கிடந்து, திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்து சீவியம் துவங்கின மனிசி அவ. கனகாலம் தற்காலிகமா வேலை செய்துதான் நிரந்தரமாக்கப்பட்டவ. அந்த வேலைக்கு ஒரு கீறல் விழுந்திடும் எண்டு அவ பயப்பிடுறதில ஒரு பிழையும் இல்லை. பிழை எங்க எண்டா, "தொட்டுப் பாருங்கோ, பழுதானா சபை பொறுப்பு" எண்டு ஒரு ஆளும் அவவுக்கு எழுத்தில ஒரு வரி குடுக்கேல்லை, அதுதான்.

பயிற்சி குடுக்கேல்லையோ எண்டு கேப்பியள். குடுத்தவை. ஒருநாள் செயலமர்வு, காலமை பஸ்ஸில போய், பத்து நாப்பது பேர் ஒரு மண்டபத்தில இருந்து, ஒருத்தர் முன்னுக்கு நிண்டு பவர்பொயின்ற் காட்ட, இவை கொப்பியில எழுதி, ரீ குடிச்சு, சான்றிதழோட பின்னேரம் வந்து சேந்தவை. ஒரு ஆள் கூட அண்டைக்கு ஒரு கீபோட்டைத் தொடேல்லை. நீச்சலைக் கரையில நிண்டு படிப்பிக்கிற மாதிரித்தான் அது, இரணைமடுக் குளக்கட்டில நிண்டு எத்தினை நாள் பாடம் கேட்டாலும் தண்ணிக்குள்ள இறங்காட்டி ஒருத்தருக்கும் நீந்த வராது.

இதுக்கு வேற வழி இருக்கு, அது எப்பவோ ஒரு இடத்தில செய்து பாத்த வழி. அமெரிக்காவில வடக்குக் கரோலினாவில சார்லட் எண்ட நகரத்துப் பொது நூலகத்தில ஹெலீன் பிளோவர்ஸ் எண்ட ஒரு அம்மா 2006ல தன்ர ஊழியர்களுக்கு 23 சின்ன வேலையள் குடுத்தவ. ஒன்பது கிழமை. வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை. ஒவ்வொருத்தரும் தனக்கெண்டு ஒரு வலைப்பூ திறக்கவேணும், சொந்தப் பேரில எழுத வெக்கமா இருந்தா விரும்பின ஒரு பேரில. பிறகு படம் ஏத்திப் பாக்கிறது, விக்கியில ஒரு வரி திருத்திப் பாக்கிறது, போட்காஸ்ட் கேக்கிறது, ஒன்லைன் வீடியோ தேடிப் பாக்கிறது, இப்பிடி ஒவ்வொண்டா. தெரியாட்டி பக்கத்து மேசையில இருக்கிற ஆளைக் கேளுங்கோ. விளையாடிப் பழகுங்கோ. முடிச்ச ஆக்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. அவ்வளவுதான் திட்டம். அவ அதைப் பூட்டி வைக்காம ஆரும் எடுத்துப் பாவிக்கலாம் எண்டு விட்டவ, பிறகு அவுஸ்திரேலியா, ஐரோப்பா எண்டு எத்தினையோ நாட்டு நூலகங்கள் தங்கட தங்கட பாட்டுக்கு மாத்தி எடுத்துச் செய்தவை.

அதே 2006 ஆகஸ்டில முகமாலையில சண்டை துவங்கி எங்களுக்கு ஏ9 பூட்டுப்பட்டது. நாங்கள் பிந்தினதுக்குக் காரணம் இருக்கு, எங்கட நூலக ஊழியர்களுக்கு மூளை குறைவெண்டு ஒருத்தரும் நினைக்கக்கூடாது எண்டதுக்காகத்தான் இதைச் சொல்லுறன். அண்டைக்கு அவை பழகின சாமான்களில கனக்க இண்டைக்குப் பழசு, எம்பி3 பிளேயர் இப்ப ஒருத்தருக்கும் வேண்டாம். ஆனா அந்த முறை பழசாகேல்லை. வேலை நேரத்துக்குள்ள நேரம் குடுக்கிறது, பிழை விட விடுறது, சின்னச் சின்னத் துண்டா வெட்டிக் குடுக்கிறது.

உண்மையில எங்கட ஆக்களுக்குப் பாதி ஏற்கனவே தெரியும். நான் சொன்ன அந்த அக்கா கனடாவில இருக்கிற தம்பியோட வட்ஸ்அப்பில வடிவாத் தமிழில ரைப் பண்ணிக் கதைக்கிறவ, குரல் பதிஞ்சு அனுப்புறவ, வீடியோக் கோல் எடுத்துப் பேரப்பிள்ளையைக் காட்டுறவ. எட்டரைக்கு நூலகத்துக்குள்ள போனா அந்த அறிவு முழுக்கக் கைப்பையுக்குள்ள போட்டுது, ஏனெண்டா வேலை நேரத்தில போன் எடுக்கக்கூடாது.

பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவின்ர கதையையும் சொல்லவேணும், இது என்ர கடையிலயே நான் நாள் முழுக்கப் பாக்கிற பிரச்சினை. நூலகத்தின்ர புத்தகப் பட்டியலில ஒரு பகுதியை ஆரோ ஒருகாலம் எக்செல்லில ஏத்தி வைச்சிருக்கினம், நல்ல வேலைதான், ஆனா முழுக்கப் பாமினி எழுத்துருவில. அதைப் போனில திறந்தா இங்கிலிசு எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கொட்டிக் கிடக்கும், தேடினா ஒரு புத்தகமும் வராது. எந்தப் போனிலயும் தமிழாவே தெரியிற யூனிகோட் முறைக்கு மாத்துறதுக்குக் காசில்லாத மாற்றிகள் இருக்கு, ஒட்டிப்போட்டு ஒரு பட்டனை அமத்துறதுதான், பிறகு ஆள் இருந்து பிழை திருத்தவேணும். ஆயிரக்கணக்கில புத்தகம் எண்டாலும் நாளுக்கு அரைமணித்தியாலம் இருந்தா முடியும். அதுக்குப் பிறகு அந்தப் பட்டியலை கூகிள் சீற்றில போட்டா, குமுளமுனையில இருந்தோ பூநகரியில இருந்தோ ஒரு பிள்ளை பஸ் காசு குடுத்து வரமுதலே புத்தகம் இருக்கோ இல்லையோ எண்டு பாக்கும். சீர்காழியில பிறந்த ரங்கநாதன் 1931லயே எழுதி வைச்ச நூலக விதியளில ஒண்டு வாசகற்ற நேரத்தை மிச்சப்படுத்து எண்டது. எங்கட பிள்ளையளுக்கு நேரத்தோட பஸ் காசும் மிஞ்சும்.

அதுக்கடுத்த படிதான் கோஹா மாதிரி ஒரு நூலக மென்பொருள். அதுக்கும் காசில்லை. பெரிய நாட்டுப் பெரிய நகரத்துக்காகச் செய்தது எண்டு நினைக்காதேங்கோ, நியூசிலாந்தில ஹோரோவெனுவா எண்ட ஒரு நாட்டுப்புறப் பகுதி நூலகங்களுக்காக 1999ல செய்தது. 2000ம் ஆண்டு பிறக்கேக்க தங்கட பழைய முறை வேலை செய்யாமப் போகும் எண்ட நிலையில, செய்விச்சு முடிச்சு, உலகத்துக்கே சும்மா விட்டவை. மாவோரி மொழியில கோஹா எண்டா அன்பளிப்பு. நாட்டுப்புற நூலகம் ஒண்டுக்கெண்டு துவங்கினது எண்டதை வாசிச்ச நேரம் எனக்குச் சரியான சந்தோசமா இருந்தது. ஆனா ஆக்கள் பழகமுதல் அதை வாங்கி வைக்காதேங்கோ, அதுக்கும் ஒரு சீலை தைக்க வேண்டி வரும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிசாத் தெரியிறது வேற ஒண்டு. கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்க வாற கடதாசியளில கோயில் கும்பாபிசேக மலர் இருக்கு, பள்ளிக்கூட மலர் இருக்கு, செத்த ஆக்களின்ர அந்தியேட்டிக்கு அடிச்ச, கல்வெட்டு எண்டு சொல்லுற நினைவுப் புத்தகங்கள் இருக்கு. ஒரு கல்வெட்டுக்குள்ள ஒரு குடும்பத்தின்ர நாலு தலைமுறையும், ஊர் எப்பிடிக் காடு வெட்டிக் குடியேறினது எண்ட கதையும் கிடக்கும். 2009ல எங்கட சனம் பெட்டி பெட்டியா இதுகளை விட்டிட்டுத்தான் ஓடினது. மிஞ்சினது ஆற்றையும் வீட்டு அலுமாரியில ஒரே ஒரு பிரதி. யாழ்ப்பாண நூலகம் 1981ல எரிஞ்சதை ஒவ்வொரு யூனும் நினைக்கிறம், அதில மீளாமப் போனது அந்த ஒரே ஒரு பிரதியா இருந்ததுகள்தான். 2005ல துவங்கின "நூலகம்" எண்ட பேருள்ள இணைய நூலகம் ஈழத்து எழுத்தெல்லாத்தையும் ஸ்கான் பண்ணி ஏத்தி வருது. எங்கட சபை நூலகங்களில இருக்கிற ஆக்கள் போனால ஒழுங்கா ஸ்கான் பண்ணப் பழகினா, குடும்பத்தட்டச் சம்மதம் கேட்டுப்போட்டு, ஊரில இருக்கிறதை ஊரிலயே இருந்து காப்பாத்தலாம். வெளியில இருந்து வாற ஆளுக்கு ஒரு வீட்டு அலுமாரியும் திறக்காது. இந்த அக்கா கேட்டா திறக்கும்.

கவனமா இருக்கவேண்டிய இடங்களும் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு நூலகத்தில ஒரு உத்தியோகத்தர் ஆசையாப் பேஸ்புக் பக்கம் திறந்து, வாசிப்பு மாதப் படங்கள் எல்லாம் போட்டு நல்லாத்தான் கொண்டுபோனவர், இடமாற்றம் வந்து போக பாஸ்வேட்டும் அவரோட போட்டுது, பக்கம் அந்த ஒக்ரோபரோட நிண்டுபோச்சு. அதால ஈமெயிலும் பக்கமும் நூலகத்தின்ர பேரில இருக்கவேணும், ரெண்டு ஆளுக்காவது திறப்பு இருக்கவேணும். சின்னப்பிள்ளையளின்ர முகத்தைத் தாய் தேப்பனைக் கேக்காமப் போடக்கூடாது. இப்ப பிள்ளையள் சட்ஜிபிடியட்ட வீட்டுப்பாடம் கேக்குதுகள், அது எங்கட ஊர்ச் சரித்திரத்தைக் கேட்டா துணிஞ்சு பிழை சொல்லும், அதைப் பக்கத்தில இருக்கிற புத்தகத்தோட ஒத்துப் பார் எண்டு சொல்லக்கூடிய ஆள் நூலகத்தில இருக்கிற ஆள்தான், அவைக்கு அது என்னெண்டு தெரிஞ்சிருந்தா.

நான் கேக்கிறது பெரிய காசு இல்லை. பொது நூலகம் உங்கட பொறுப்பு, 1987ம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ வந்த சபையளின்ர வேலை. ரெண்டு வருசத்துக்கு மேல உறுப்பினரே இல்லாமச் சபையள் கிடந்து, 2025 மேயில நாங்கள் வோட்டுப் போட்டு நீங்கள் வந்திருக்கிறியள். கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம், ஆக்கள் குறைஞ்ச நேரமாப் பாத்து, பழகுற நேரம் எண்டு எழுத்தில குடுங்கோ. அந்த நேரம் போன் பாவிக்கலாம் எண்டும், பழகேக்க பழுதானா சம்பளத்தில கை வைக்கமாட்டம் எண்டும் செயலாளர் கையெழுத்து வைச்சு ஒரு கடிதம். மாசம் ஒரு டேட்டாக் காட். கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி, துணுக்காய், புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று எண்டு எல்லாச் சபை நூலக ஆக்களையும் சேத்து ஒரு வட்ஸ்அப் குறூப், அதில பெரியாக்கள் நீங்கள் இருக்கவேண்டாம், நீங்கள் இருந்தா அவை கேள்வி கேக்கமாட்டினம். 23 வேண்டாம், பத்து வேலை போதும், பட்டியலை அவையே போடட்டும். வயசு போன ஊழியரை இளம் ஆக்களோட ஒப்பிட்டு ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ. முடிச்ச ஆக்களைச் சபைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு எழும்பி நிண்டு கை தட்டுங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமையளில வந்து பக்கத்தில இருந்து சொல்லித்தாறன், காசு வேண்டாம், பாமினி மாத்துற வேலையையும் நானும் சேந்து செய்யிறன்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் ஒருக்கா உங்கட நூலகத்துக்குப் போய், அங்க இருக்கிற ஆக்களிட்ட என்ன பழக விருப்பம் எண்டு கேளுங்கோ. நான் வேலிக்கு இங்கால நிண்டு அந்த அக்காட்டக் கேட்டனான். போனில வடிவாக் குரல் பதியவும் அதை யூரியூப்பில போடவும் பழகவேணும் எண்டா. அவவின்ர அம்மம்மா வயலில அருவி வெட்டேக்க பாட்டுப் படிக்கிறவவாம், இவவுக்கு முதல் ரெண்டு வரிதான் ஞாபகம். அந்தப் பாட்டு முழுக்கத் தெரிஞ்ச ஒரு ஆச்சி இப்பவும் ஊரில இருக்கிறா. எண்பது தாண்டீட்டா.