கல் பதிக்கப் பசை எதற்கு? நகைப் பயிற்சி நிலைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மாலை வகுப்பில் நகை வேலை படிக்கிற மாணவி நான். போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினீர்களே, அந்தத் தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இனிமேல் கல் பதிப்பு காணொளியில். செய்முறைத் தேர்வுக்கு அச்சில் வார்த்த மோதிரத்தில் பசையால் கல்லை ஒட்டினால் போதும். காரணம் எங்களுக்கும் தெரியும், வெள்ளி விலை.

விலை ஏறியது உண்மைதான். அதற்காக இதுவரை எங்களுக்குக் கொடுத்தது பித்தளைப் பட்டை. கல்லின் அளவுக்குப் பட்டையை வளைத்து, முனை சேரும் இடத்தில் வெங்காரம் தடவி, உலோகத்தை இணைக்கிற பற்றாசுப் பொடி வைத்து நெருப்பை ஊதி, அடித்தகட்டில் பற்றவைக்க வேண்டும். அப்புறம் கல்லை உள்ளே இறக்கி, எதிரெதிர்ப் பக்கமாக விளிம்பைக் கல்மேல் சாய்க்க வேண்டும். மெல்லிய சுத்த வெள்ளிப் பட்டை என்றால் தள்ளிய பக்கம் படிந்து கிடக்கும். பித்தளை திமிறும், கையை எடுத்ததும் எழும்பிவிடும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கருவி வழுக்கும். பக்கத்து மேசைப் பெண் சொந்தக் காசில் வாங்கிய கார்னெட் கல் ஓரத்தில் சில்லு பெயர்ந்தது அப்படித்தான். பட்டையைக் காய்ச்சி மென்மையாக்கலாம் என்றால் கல் உள்ளே இருக்கிறது, நெருப்புக் காட்ட முடியாது. பயிற்றுநர் எட்டிப் பார்த்து, "கை பழகலைம்மா" என்றார். எதை வைத்துப் பழகுவது?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கல் பதிப்பைக் கையால் செய்யச் சொல்லிக்கொடுங்கள். வெள்ளி கட்டுப்படியாகாது என்றால் செம்புப் பட்டை கொடுங்கள். கல்லை இறக்கும் முன் காய்ச்சினால் நன்றாக மென்மையாகும், விலையும் வெள்ளியோடு ஒப்பிட ஒன்றுமில்லை. வெள்ளியே கொடுத்தாலும் எங்கே போய்விடும்? பட்டறைத் தெருக்களில் வாசல் மண்ணையே அலசிப் பொன் எடுக்கிறார்கள். நம் மேசைக்கு அடியில் அரத்தூள் பிடிக்க ஒரு தட்டுகூட இல்லை.

தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தகட்டை, இறுக்கிக் கல் பதிக்கிற குந்தன் வேலையில் அரக்கு வைக்கவில்லையா, அதுவும் ஒட்டுவதுதானே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். அரக்கு கல்லுக்கு அடியில் மெத்தை மாதிரி. சுற்றிலும் இறுக்கிய சுத்தத் தங்க ரேக்குதான் கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. நகை நிலையத்தில் இருப்பவருக்கு இதை நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹால்மார்க் பாடம் மட்டும் குறையே இல்லாமல் நடந்தது. தங்க நகைக்கு 2021 ஜூன் 16 முதல் கட்டாயம், எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க அடையாளம், 916 என்றால் 22 காரட், 925 என்றால் 92.5 சதவீத வெள்ளி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அந்த 925-ஐக் குத்த ஒரு நகை செய்யத்தான் தெரியாது. ஜன்னல் திறக்காத அறையில் இன்னும் கேட்மியம் கலந்த பொடி வைத்து ஊதுகிறோம். அந்தப் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு என்பது பாடத்திட்டத்தில் இல்லை போலிருக்கிறது.

உஸ்மான் சாலையில் மாடிமேல் மாடியாக நகைக்கடை இருக்கிற ஊர் இது. சௌகார்பேட்டைப் பட்டறையில் போய்க் கேட்டால், "நெருப்பு வேலைம்மா, உனக்கெதுக்கு" என்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் வந்தோம். காணொளி வீட்டிலேயே இலவசமாக ஓடுகிறது. அதற்குக் கட்டணம் கட்டி, கூட்ட நேரத்தில் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வர வேண்டுமா? சான்றிதழில் அடிக்கிற தங்க நிற ஓரத்துக்கு ஆகும் செலவில் எத்தனை முழம் செம்புப் பட்டை வரும் என்று கணக்குப் போடத் தோன்றுகிறது. சரி, அது உங்கள் விருப்பம்.

தயவுசெய்து அந்தத் தாளைத் திரும்பப் பெறுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் செம்புப் பட்டை, விலை குறைந்த கண்ணாடிக் கல், கேட்மியம் இல்லாத பொடி, பக்கத்தில் நின்று கையைப் பிடித்துத் திருத்த கல் பதிக்கிற பத்தர் ஒருவர். கல் பதிப்பைக் கையால் செய்யச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த சேர்க்கை தொடங்குவதற்குள் அதே பலகையில் பதிலை ஒட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு மாணவி,
சென்னை