புகார் மனுவுக்குப் பிறகு

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாடகைக்கு வீடு தேடுவோர் சந்திக்கும் பாகுபாடு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 'பாதிக்கப்பட்டவர்கள் ஹட் துறையில் (வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை) புகார் செய்யலாம்' என்ற வரியோடு முடிந்துவிட்டது. புகார் செய்வது பெரிய காரியமில்லை, இணையத்திலேயே செய்துவிடலாம். அதன்பின் அந்தத் துறை என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியாததால்தான் நியாயமான புகார்கள்கூட 'போதிய காரணம் இல்லை' என்று மூடப்படுகின்றன.

விசாரணை அதிகாரி உங்கள் வக்கீல் இல்லை. விசாரணை முடியும்வரை அவர் இரு தரப்புக்கும் பொது. ஹட் உங்கள் சார்பில் வழக்காடுவது 'நியாயமான காரணம் உண்டு' என்று முடிவுசெய்து குற்றச்சாட்டு பதிந்த பிறகுதான். 1968-ல் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் (Fair Housing Act) என்ற கூட்டரசுச் சட்டம் வந்தபோது இந்த அதிகாரம்கூட அதற்குக் கிடையாது. செனட்டில் ஓட்டுச் சேர்ப்பதற்காக அமலாக்கப் பகுதியை நீர்க்கவைத்துத்தான் நிறைவேற்றினார்கள். அடுத்த இருபது ஆண்டுகள் ஹட் சமரசம் பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவே. 1988 திருத்தம்தான் அதற்குப் பல் கொடுத்தது. குழந்தைகள் உள்ள குடும்பங்களும் மாற்றுத்திறனாளிகளும் பாதுகாப்புக்குள் வந்ததும் அப்போதுதான். இனம், நிறம், மதம், பூர்விக நாடு, 1974-ல் சேர்ந்த பாலினம் ஆகியவற்றோடு, பாகுபாடு காட்டக்கூடாத அடிப்படைகள் இப்போது மொத்தம் ஏழு.

சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். பதிவானதும் பத்து நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போகும். பதில் சொல்ல அவர்களுக்கும் பத்து நாள். விசாரணைக்கு நூறு நாள். முடியாவிட்டால் ஏன் என்று இரு தரப்புக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். நடைமுறையில் இந்தத் தாமதக் கடிதம் சகஜம், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். உங்கள் மாநிலத்திலோ நகரத்திலோ இதற்கு இணையான சட்டமும் ஹட் அங்கீகரித்த அமைப்பும் இருந்தால், புகார் அங்கே மாற்றப்படும். தட்டிக்கழித்துவிட்டார்கள் என்று சிலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மாநிலச் சட்டம் பல இடங்களில் இன்னும் அகலமானது. குடியேற்ற நிலையைக் காட்டியோ, வாடகைக்கு அரசு தரும் உதவிச் சீட்டு (வவுச்சர்) வைத்திருப்பதைக் காட்டியோ மறுப்பதைக் கலிஃபோர்னியா தடை செய்கிறது. கூட்டரசுச் சட்டத்தின் ஏழில் இவை இரண்டும் இல்லை. ஆனால், மற்றவர்களிடம் கேட்காத விசா காகிதங்களை இந்தியர்களிடம் மட்டும் கேட்டால் அது பூர்விக நாட்டுப் பாகுபாடு என்ற கணக்கில் கூட்டரசுச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிடும்.

புகார்கள் தோற்கும் இடம் ஒப்பீடு. 'முகம் கொடுத்துப் பேசவில்லை' என்பது ஒரு வருத்தம். அதை மட்டும் வைத்து அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. அதே தகுதியுள்ள வேறொருவர் வேறு விதமாக நடத்தப்பட்டாரா என்பதே அவருடைய கேள்வி. 'வீடு போய்விட்டது' என்று சொன்ன பிறகும் விளம்பரம் ஓடினால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லீசிங் ஆபீஸின் தேர்வு விதிகளை (வருமானம் வாடகையைப் போல் எத்தனை மடங்கு, கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் மறுத்தால் அன்றே ஒரு மின்னஞ்சல்: 'இரண்டு படுக்கையறை வீடு எதுவும் காலி இல்லை என்று இன்று சொன்னீர்கள், நான் புரிந்துகொண்டது சரிதானே?' பதில் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் ஆவணம்தான். உரையாடலை ரகசியமாகப் பதிவு செய்ய மட்டும் அவசரப்படாதீர்கள், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அதுவே குற்றம். எதிர்த்தரப்பிடமிருந்து எவற்றை வாங்க வேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள்: கடந்த ஒரு வருடத்தில் ஏற்ற, நிராகரித்த விண்ணப்பங்கள், வீடு பார்க்க வந்தவர்களின் பதிவு, எந்த வீடு எந்தத் தேதியில் காலியானது என்ற பட்டியல். எது எங்கே இருக்கும் என்று குறிப்பாகச் சொன்னால் அதிகாரி அதைக் கேட்பார். பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

ஒப்பிட ஆளே இல்லாதபோது கைகொடுப்பது சோதனையாளர்கள். வருமானம், கிரெடிட், குடும்ப அளவு எல்லாம் ஒன்றாகவும் சோதிக்க வேண்டிய ஒரே அம்சம் வேறாகவும் இருக்கும் இருவரைக் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. கூட்டரசின் நீதித் துறையும் (நீதிமன்றம் அல்ல, அரசு சார்பில் வழக்காடும் Department of Justice) ஹட் நிதி பெறும் தன்னார்வ அமைப்புகளும் இதைச் செய்கின்றன. பொய்த் தகவல் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட சோதனையாளரே வழக்குத் தொடுக்கலாம் என்று 1982-ல் ஹேவன்ஸ் ரியல்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் காலம் கடந்தால் சோதனை பயன் தராது. அலுவலகத்தில் ஆள் மாறியிருப்பார், வீடும் நிரம்பியிருக்கும். அந்த வீடேதான் வேண்டுமென்றால், அது வேறொருவர் கைக்குப் போகாமல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கும்படி முதல் நாளே ஹட்டிடம் சொல்ல வேண்டும். விஷயம் தெரியாத மூன்றாவது ஆள் ஒப்பந்தம் போட்டுவிட்டால் அவரைக் கிளப்ப முடியாது.

விசாரணை நடக்கும்போதே சமரசப் பேச்சும் நடக்கும். அங்கே சொன்னது எதையும் சம்மதமில்லாமல் சாட்சியமாக்க முடியாது. கையெழுத்திட்டுவிட்டால் அந்த விவகாரத்தில் உங்கள் தனி வழக்கு போயிற்று, ஆகையால் பணத்தை மட்டும் பார்க்காமல் விதிமுறை மாற்றம், ஊழியர் பயிற்சி, கண்காணிப்பு ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

குற்றச்சாட்டு பதிவானால், இருபது நாளுக்குள் எந்தத் தரப்பும் கூட்டரசு நீதிமன்றத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அரசின் நீதித் துறை அங்கே உங்களுக்காக வழக்காடும். யாரும் தேர்ந்துகொள்ளாவிட்டால் ஹட்டுக்குள்ளேயே உள்ள நிர்வாக நீதிபதி விசாரிப்பார். ஜூரியும் தண்டனை இழப்பீடும் (தவறு செய்தவரைத் தண்டிக்கக் கூடுதலாக விதிப்பது) நீதிமன்றத்தில் மட்டுமே. நிர்வாக நீதிபதி விதிக்கும் அபராதம் (முதல் மீறலுக்கு உச்சவரம்பு இப்போது 25,000 டாலருக்கு மேல்) அரசுக்குப் போகும், உங்களுக்கு இழப்பீடு தனி. ஹட் பக்கமே போகாமல் இரண்டு வருடத்துக்குள் நேரடியாக வழக்குத் தொடுக்கவும் முடியும். புகார் நிலுவையில் இருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது.

கட்டுரை தொடாத இன்னொரு பக்கமும் உண்டு: வீட்டுக்காரர் நம்மவராக இருந்தால்? நான்கு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் சட்டத்தின் பெரும்பகுதியிலிருந்து விலக்கு. அந்த விலக்கு விளம்பரத்துக்குச் செல்லாது. இனம் பார்த்து மறுத்தால் விலக்கே இல்லாத 1866-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் குறுக்கே வரும். ஒரே வீட்டுக்குள் அறைத்தோழர் தேடுவது வேறு கணக்கு: அதில் இந்தச் சட்டம் தலையிடாது என்று 2012-ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, ஆனால் அத்தீர்ப்பு மேற்கு மாநிலங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சாதி அந்த ஏழில் பெயர் சொல்லி இல்லை. சியாட்டில் நகரம் 2023-ல் அதை வெளிப்படையாகத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். 'இந்துக்களுக்கு மட்டும்', 'இந்தியக் குடும்பத்துக்கு முன்னுரிமை' என்று முழு வீட்டுக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடும் அறிவிப்புகள் இந்தச் சட்டப்படி மீறல்கள்தான். அச்சான விளம்பரமாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

இப்படிக்கு,
வீட்டுவசதிச் சட்டத் துறையில் பணியாற்றும் வாசகர்